பதினான்கு புள்ளி இரண்டு

சாட்ஸ்வர்த் கிளினிக்கில்
விரல்நுனி ரத்தம் சொன்ன கணக்கு அது.
"நடங்க, மிஸ்டர் வையாபுரி" என்றாள் நர்ஸ் தொம்பி.
நடந்தேன்,
கார் வரைக்கும்.

கார்களுக்குக் காவல் லெமாயன்.
மசாய்க்காரன்.
தடியில் சாய்ந்து ஒற்றைக்காலில் நிற்கிறான்;
இடுப்பு இருக்குமிடம்
பெல்ட் சொல்லித்தான் தெரிகிறது.

"பாலும் நடையுந்தானாமே உங்க வைத்தியம்?"

சிரித்தான்.
"பால், மாடு வைத்திருப்பவனுக்கு.
எனக்கு இங்கே கோக், வெள்ளை ரொட்டி.
நடை மட்டும் மிச்சம்:
டாக்சிக்குப் பதினெட்டு ராண்ட்."

என் கையில்
கால் ரொட்டிக்குள் அடைத்த ஆட்டுக்கறி;
காகிதம் தாண்டி எண்ணெய் கசிந்தது.

ஆறு மணிக்கு
உம்லாசிப் பக்கம் இறங்கினான்.
சாவியைப் பையில் போட்டுக்கொண்டு
பின்னாலேயே போனேன்.
இரண்டாவது விளக்குக் கம்பத்தில்
மூச்சு வாங்கியது.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை.
நடையைக் கொஞ்சம் குறைத்தான்.