தாழ்ப்பாள்

மோல்மேனில் எங்களுக்குக் கிடைத்த மரவீட்டில்
குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை.
வீட்டுக்காரர் நெல் வியாபாரி.
மழை விடட்டும், போட்டுத் தருகிறேன் என்றார்.
சொன்னது ஜூன் மாதம்.
அங்கே மழை விடுவது அக்டோபரில்.

ஆகவே உள்ளே போகிறவள் பாட வேண்டும்.
பாட்டுக் கேட்டால் ஆள் இருக்கிறது.
எந்தக் கமிட்டியும் தீர்மானம் போடவில்லை,
முதல் வாரத்து இரண்டு அலறல்களுக்குப் பிறகு
தானாக வந்த சட்டம்.

லால்ரின்புயி மிசோ மொழியில் பாடுவாள்.
மலை ஏறி இறங்கும் மெட்டு.
ஒரு குவளைத் தண்ணீருக்காக நிறுத்தி
விட்ட சொல்லிலேயே மறுபடி பிடிப்பாள்.
பாஅன் ஊர்க்காரி நோ எட்டா
தனக்கே கேட்காத குரலில் முனகுவாள்,
அந்த இரண்டு அலறலும் அவளுடையவை.
செல்லத்தங்கம் அக்கா
சாயர்புரத்தில் முப்பது வருடம் கொயரில் நின்றவர்.
கீர்த்தனையைச் சரணம் பிசகாமல்
தெருமுனை மொகிங்காக் கடைவரை கொண்டுபோய்ச் சேர்ப்பார்.

எனக்குப் பாட வராது.
ஞாயிறு பள்ளியில் நெட்டுருப் போட்ட
வேதாகமப் புத்தகங்களின் பெயரைச் சொல்வேன்.
ஆதியாகமம், யாத்திராகமம், லேவியராகமம்
முதல் குவளை.
சங்கீதத்தில் சோப்பு.
தீர்க்கதரிசிகள் முடியுமுன் வாளி காலி.
நான் ஒருநாளும் புதிய ஏற்பாட்டில் குளித்ததில்லை.

சண்டை போட எங்களுக்கு வழியில்லை,
ஊழியக்காரிகள் அல்லவா.
அதனால் ஜெபத்தில் போட்டுக்கொண்டோம்.
விடிகாலை ஐந்து மணி, பாயில் முழங்கால், கொசுவர்த்திப் புகை.
"ஆண்டவரே, குளித்தபின் வாளியை நிரப்பி வைக்க
எங்களில் சிலருக்கு ஞாபகத்தைத் தாரும்" என்பார் அக்கா.
சிலர் என்றால் நான்.
மற்ற இருவரின் ஆமெனில்
தேவைக்குமேல் அழுத்தம் இருக்கும்.
என் முறை வந்தபோது நானும்
பிறருடைய நாப்பி வாசனையைப் பொறுத்துக்கொள்ளும் கிருபையை
அக்காவுக்காகக் கேட்டேன்.
நோ எட்டா கண்ணைத் திறந்து சிரித்தாள்.
நான் எப்படிப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.

வாரத்தில் மூன்று நாள் சால்வினில் படகேறிப் போவோம்.
அக்கரையில் முத்துக்கருப்பன், ராமாயி என்று பேர் வைத்துக்கொண்டு
தமிழ் எழுதத் தெரியாத பிள்ளைகள்.
ஒரு குடை, நான்கு தலை.
அந்தப் படகில் மட்டும்
யாரும் யாருக்காகவும் ஜெபித்ததில்லை.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை.
போனில் சிக்னல் கிடைப்பது மாடியின் மூன்றாம் படியில்.
அக்கா அங்கே நின்று சரிடா, சரிடா என்றார்.
நாலாவது சரிடாவுக்கு உதடு மட்டும் அசைந்தது.
அப்பாவை அன்று சாயங்காலமே எடுக்கிறார்களாம்.
இங்கிருந்து ரங்கூனுக்கு ராத்திரி பஸ்,
பிறகு விமானம், பிறகு ரயில்.
எப்படிக் கூட்டினாலும்
மண் இறுகிய பிறகுதான் போய்ச் சேரலாம்.
என்னிடம் கணக்கைச் சொல்லிவிட்டு
துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.

பாட்டு வரவில்லை.
தகரக் கூரையில் மழை மட்டும்.

சந்தையிலிருந்து நனைந்து வந்த லால்ரின்புயிக்கு
எதுவும் தெரியாது.
காது கொடுத்துக் கேட்டுவிட்டு
கதவைத் தள்ளக் கை நீட்டினாள்.
நான் குறுக்கே போய் முதுகைக் கதவில் சாய்த்தேன்.
ஆதியாகமம், என்றேன்.
யாத்திராகமம்.
காய்ந்த சேலையோடு வெளியே நின்று
குளிக்கிறவளைப் போல ஒப்பிக்கும் என்னை
ஒரு கணம் பார்த்தாள்.
பிறகு மீன் பையைக் கீழே வைத்து
தரையில் உட்கார்ந்துகொண்டாள்.
யோசுவா, நியாயாதிபதிகள், ரூத்.
நோ எட்டாவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.
புலம்பலை மட்டும் வேகமாகத் தாண்டினேன்.
மல்கியா முடிந்தும் கதவு அசையவில்லை.
மத்தேயுவுக்குள் போனேன்.
வெளிப்படுத்தின விசேஷத்துக்கு அப்பால்
சொல்ல ஒன்றுமில்லாததால்
திரும்பவும் ஆதியிலிருந்து.

மூன்றாம் சுற்றில் யோபு நடக்கும்போது
முதுகில் கதவு இடித்தது.
அக்காவின் முகம் ஈரம். தலை காய்ந்திருந்தது.
எங்கள் மூவரையும் பார்த்தார், மீன் பையையும்.
"செப்பனியாவ விட்டுட்ட" என்றார்.
"ரெண்டு தடவையும்."

மறுநாள் காலை ஜெபத்தில்
வாளியைப் பற்றி யாரும் ஆண்டவரிடம் பேசவில்லை.
அதற்கு அடுத்த நாள் பேசினார்.