பெருவிரல் மேடு

தானியக் குதிரின் தகரக் கூம்பை மட்டும்
ஓஸ்மார் விலைக்கு வாங்கியபோது ஊரே சிரித்தது.
கோதுமை இல்லாதவனுக்கு மூடி எதற்கு
என்றான் பஞ்சர் கடைக்காரன்.

பம்பாவில் மலை கிடையாது.
ஏறி நின்று பார்க்க ஒரு மேடுகூட இல்லை.
வானம் முழங்காலிலேயே தொடங்கிவிடும்.

முதலில் தூண்.
ஒன்றரை மீட்டர் குழி, சாக்கடைக் குழாய்க்குள் வார்த்த கான்கிரீட்.
தரைப்பலகை அதைத் தொடவே கூடாது,
நடுவில் இரண்டு விரல் இடைவெளி.
நான் நடந்தால் பலகை அதிரலாம்,
சனிக் கிரகம் அதிரக் கூடாது.
ஒரே அறைக்குள் ஒட்டாமல் நிற்பதெப்படி என்று
எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை,
அந்த வருஷம்.

கூரை சுழல, சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டிகளின்
பதினான்கு சக்கரங்கள்.
எங்கிருந்து வந்தன என்று கேட்டால்
எங்கள் அப்பா குதிருக்குள் இல்லை.
திறப்புக்கு, பழைய ஃபால்கன் காரின் வைப்பர் மோட்டார்.
மழைக்கே உழைத்துப் பழகியது.
மழையில்லாத இரவில்தான் வேலை என்பதை
அது இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

தெற்கில் துருவ நட்சத்திரமும் கிடையாது.
அந்த இடத்தில் ஒரு மங்கல் புள்ளி
இருப்பதாகச் சொல்கிறார்கள்.
ஆகவே அச்சைத் திருத்த,
சின்னத் தொலைநோக்கியின் குறுக்குக் கம்பியில்
ஒரு நட்சத்திரத்தை நிறுத்திவிட்டு
எந்தப் பக்கம் நழுவுகிறதென்று காத்திருக்க வேண்டும்.
திருகாணி கால் சுற்று. மறுபடி காத்திருக்க வேண்டும்.
பதினோரு இரவுகள்.
"மேலே போகுது."
"எவ்வளவு?"
"ஒரு முடி."
அவ்வளவுதான் பேசினோம்.

கண்ணாடியைத் தேய்த்தது நான்.
கப்பல் ஜன்னலின் தடித்த வட்டம்,
பாஹியா பிளாங்காவில் கழித்துப் போட்டது.
எட்டு மாதம் அரப்பொடியும் தண்ணீரும்,
முன்னும் பின்னும், பீப்பாயைச் சுற்றிச் சுற்றி.
அந்த நடையை நேராக நீட்டியிருந்தால்
கடலுக்கே போய்ச் சேர்ந்திருப்பேன்.
சில நாள் அப்படியும் நினைத்ததுண்டு.

சோதிக்க வேண்டியது ஒரு சின்ன விளக்கு, ஒரு சவர பிளேடு.
இருட்டில் பிளேடின் ஓரத்தில் கண்ணை வைத்தால்
மழமழத்த கண்ணாடியில்
நிலாத் தரைபோல மேடு பள்ளம் எழும்பி வரும்.
ஒரு முடியை ஆயிரமாய்க் கிழித்தால் எவ்வளவோ
அவ்வளவு பிழையும் தப்பாது.

ஓஸ்மார் பிளேடுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான்.
"ஓரத்தில் தூசியா, பார்."
பெருவிரலை வைத்து அழுத்தினேன். தூசி இல்லை. எடுத்தேன்.
அவன் எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து,
"நெலிதா, இங்கே வா."

என் விரல் இருந்த இடத்தில் ஒரு குன்று.
உடம்புச் சூட்டுக்குக் கண்ணாடி வீங்கியிருந்தது.
ஒரு பக்கம் வெயில், மறுபக்கம் நிழல்.

ஒரே முக்காலியில் நெருக்கி உட்கார்ந்து
ஒரு கண் அவன், ஒரு கண் நான் என்று
மாறி மாறிப் பார்த்தோம்.
பத்து நிமிடம் ஆயிற்று,
பம்பாவின் ஒரே மலை
தரையோடு தரையாக.

"இன்னொரு தடவை வை"
என்றான்.