குளிர்பெட்டிக்குள் ஒரு சாவி

கிள்டானியில் ஒன்பதாவது மாடி.
திபிலீசியின் பழைய கட்டடங்களில்
லிஃப்ட்டும் காசு கேட்கும்.
சில்லறை தீர்ந்துபோய்
விளக்குத் தாங்கிகளைப் படிவழியே ஏற்றினோம்.
மூச்சு ஒரு மாடி பின்தங்கி வந்தது.

மூன்றே வரி எழுதியிருந்தாள் ஷோரேனா:
இரவு. சமையலறை.
அவள் குளிர்பெட்டியைத் திறக்கிறாள்.
வெளிச்சம் முகத்தில் விழுகிறது.
எழுதுகிறவர்களுக்கு வெளிச்சம் தானாக விழும்.
எனக்கு அதைச் சுமந்து வந்து
விழவைக்க வேண்டும்.

உள்ளே இருந்த பல்பு
ஒரு தக்காளியைக் காட்டவே திணறியது.
கழற்றிவிட்டு,
மலிவான எல்இடி பட்டையை
முட்டைத் தட்டுக்குப் பின்னால் ஒட்டி
கேக் சுடும் தாளை இரண்டாய் மடித்துப் போர்த்தினேன்.
மானிட்டரில் கோடு கோடாக ஏறியது இருட்டு.
சுவரிலிருந்து வரும் மின்சாரத்துக்கு ஒரு துடிப்பு,
கேமராவுக்கு ஒரு துடிப்பு,
ஒரே வீட்டில் பேசாமல் வாழும் இருவர் மாதிரி.
ஷட்டர் கோணத்தை நகர்த்தி நகர்த்தி
நூற்று எழுபத்திரண்டைத் தாண்டிக் கொஞ்சம் போனதும்
சமாதானம்.

நிலா இன்னும் பாக்கி.
துணிக்கொடிக் கம்பியில் ஆயிரம் வாட்டைக் கட்டி
நீலத்தாள் மாட்டினோம்.
எரிந்தது. நாலு விநாடி.
பிறகு வீடே அணைந்தது.
எதிர்வீட்டு அன்சோர் பைஜாமாவோடு வந்து
தன் வீட்டு பிளக்கைக் காட்டினார்.
"கால்பந்து தொடங்கும்வரை" என்றார்.
அன்று நிலா
அன்சோர் கணக்கில் எரிந்தது.

நீலத்தில் பால் மைத்தண்ணீராகத் தெரிய,
அரைக் கரண்டி தேநீர் கலந்தேன்.
அப்புறம்தான் அது பால்.

"இந்தப் பெட்டி முனகுகிறது" என்றான்
ஹெட்போனுக்குள்ளிருந்து ரேவாஸ்.
பிளக்கைப் பிடுங்கினான்.
தன் ஓப்பல் காரின் சாவியை எடுத்து
ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தான்.
ஒலிப்பதிவுக்காரர்களின் வழக்கம் அது:
வீட்டுக்குப் போகச் சாவி வேண்டும்,
சாவிக்காகக் கதவைத் திறந்தால்
பிளக் ஞாபகம் வரும்,
வீட்டுக்காரரின் மீன் பிழைக்கும்.

மக்வாலா பகலெல்லாம் மருந்துக்கடையில் நிற்பவள்.
திறந்தாள், பாலை எடுத்தாள், மூடினாள்.
ஆறு டேக். ஆறிலும் நடித்தாள்.
ஏழாவதில்
கை பாலுக்குப் போகும் வழியில் நின்றது.
சாவியைப் பார்த்தாள்.
இப்படி ஒன்று தன் வீட்டில் இருப்பதை
இவ்வளவு நாள் மறந்திருந்தவள் போல.
எடுத்தாள். சில்லென்றிருந்திருக்கும்,
விரல்கள் ஒருமுறை சுருங்கி விரிந்தன.
உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டு
கதவைத் திறந்தபடியே விட்டு
ஃபிரேமை விட்டு வெளியே நடந்தாள்.

யாரும் கட் சொல்லவில்லை.
ஆளில்லாத தரையில்
என் வெளிச்சம் மட்டும் விழுந்துகொண்டிருந்தது.
அதற்குள் கால்பந்து தொடங்கிவிட,
நிலா அணைந்தது.
அதுவும் பதிவாகியிருந்தது.

முதல் ஆறு டேக்கையும் போட்டுப் பார்த்தோம்.
ஆறிலும் சாவி இருந்தது,
ஜாடிக்குப் பக்கத்தில், பளிச்சென்று.
கண்டினியுட்டி பார்த்த பையன் நகத்தைக் கடித்தான்.
ஷோரேனா வெகுநேரம் பேசவில்லை.
பிறகு தாளில் நாலாவது வரி எழுதினாள்.

விடியும் நேரம் ரேவாஸ் கையை நீட்டினான்.
"நாளைக்கு அதன் குளோசப் இருக்கிறது" என்றாள்.
"அது என் கார்."
"இன்று காலைவரை" என்றாள்.

பிளக்கை அவனே மாட்டினான்.
பெட்டி மறுபடி முனகத் தொடங்கியது.
மைக் கம்பைத் தோளில் சாய்த்து
ஒன்பது மாடியும் இறங்கி,
மெட்ரோவின் முதல் ரயிலை நோக்கி
மழையில் போனான்.
மேலிருந்து பார்த்தேன்:
மீனே பிடிக்காமல் திரும்புகிறவன் மாதிரி இருந்தான்.

வாசலில் ஓப்பல் நனைந்துகொண்டு நின்றது.
அதற்கு இன்னும் தெரியாது,
கதைக்குள் அதன் சாவி
வேறு எதையோ திறக்கப் போகிறதென்று.
எங்களுக்கும்தான்.