நூறு குச்சி

ஏப்ரல் ஏழு, பள்ளி திறக்கிறது.
ஹச்சினோஹேயில் தெருமுனை அழுக்குப் பனி
இன்னும் கரைந்தபாடில்லை.
மீன் ஆலையில் பகல் ஷிஃப்ட் முடித்து,
கை நாறாமல் இரண்டு முறை கழுவிக்கொண்டு
அக்காவின் சமையல் மேசைக்கு வந்துவிட்டேன்.

கணக்குப் பெட்டி.
எண்ணும் குச்சிகள், கண்ணாடி வில்லைகள்,
பொம்மைக் கடிகாரம், அதன் முள் இரண்டும் தனி.
ஒவ்வொன்றிலும் பெயர் வேண்டும் என்கிறது பள்ளித் தாள்.

பெயர் இருக்கிறது. அதுதான் தொல்லை.
பெரியவன் இட்சுகியின் பழைய பெட்டி;
மூன்று வருடம் முன்பு அத்தான்,
இனி அவரை என்னவென்று சொல்வதோ,
புருவ இடுக்கியால் ஒட்டியது,
ஓர் எழுத்தும் கோணாமல்.
ஷிராயிஷி, ஷிராயிஷி,
நூறு குச்சியிலும் ஷிராயிஷி.

அக்கா முடி உலர்த்தியால் சூடு காட்டுகிறாள்.
நான் நகத்தால் உரிக்கிறேன்.
நாக்கு நுனி தெரிய
நகுமோ என்று புதிதாய் ஒட்டுகிறாள் சிசே.
எங்கள் அப்பாவின் பெயர்,
அவளுக்குக் கொஞ்சம் தொளதொளக்கிறது.

பத்தரைக்கு எண்ணினோம்.
தொண்ணூற்றொன்பது.
மேசைக்கடியில் குனிந்தோம்,
துடைப்பத்தால் துழாவினோம்.
சிசே தேடவில்லை.
வலக்கையைச் சட்டைப்பையிலிருந்து எடுக்கவுமில்லை.

"ஒண்ணு குறையுதே" என்றேன்.
அக்கா பெட்டியை மூடினாள்.
"நூறு வரைக்கும் எண்ண
இன்னும் நாள் கிடக்கு."