பூச்சியம் வந்தால்

ரெஜைனாவில் மைனஸ் முப்பத்தொன்று.
எங்கள் பேஸ்மென்றுக்கு ஹீற்றர் தேவைப்படவில்லை.
மேசைக்குக் கீழே
பழைய கொம்பியூற்றர் ஒன்று
நாற்பத்தொரு நாளாக ஒரே கணக்கைச் செய்கிறது.
அதன் முதுகில் என் காலுறைகள் காய்கின்றன.

கணக்கு இதுதான்:
நாலில் தொடங்கு.
வர்க்கமாக்கு. இரண்டைக் கழி.
பெரிய எண்ணால் பிரித்து மீதியை மட்டும் வை.
திரும்ப வர்க்கமாக்கு. இரண்டைக் கழி.
பதினோரு கோடியே எண்பது லட்சத்துச் சொச்சம் தடவை
இதையே, இதையே.
கடைசியில் பூச்சியம் வந்தால்
பெரிய எண் பகா எண்.

பெரிய எண் என்றால்
இரண்டை அத்தனை தரம் பெருக்கி ஒன்று குறைத்தது.
மூன்றரைக் கோடி இலக்கம், எழுதத் தாள் காணாது.
மெஷினின் பாஷையிலோ மிகவும் லேசு:
ஒன்று, ஒன்று, ஒன்று, ஒன்று,
மூஸ் ஜா போகும் வழியில்
பனிவெளியில் நிற்கிற கரண்ட் கம்பங்கள் மாதிரி.
லொறி ஓட்டும் கஜமுகனுக்கு இப்படித்தான் சொன்னேன்.
"எல்லாம் ஒண்டாய் நிண்டால் பிரிக்கேலாதோ?" என்றான்.

அப்படியில்லை.
பதினொரு ஒன்றுகளை நிறுத்திப் பார்:
இரண்டாயிரத்து நாற்பத்தேழு.
இருபத்துமூன்றும் எண்பத்தொன்பதும்
சத்தமில்லாமல் உள்ளே குடியிருக்கும்.
பதின்மூன்று ஒன்றுகள் உடையாது.
ஏனென்று என்னைக் கேட்காதே.

கரண்ட் பில் இருநூற்றுப் பதினொரு டொலர்.
மூன்று பேர்.
ரொமெல் போனில் இரண்டு தரம் தட்டிப் பார்த்தான்:
ஆளுக்கு எழுபது டொலர் முப்பத்துமூன்று சதம்,
ஒரு சதம் மிச்சம்.
"உன்ர எண் திண்ட கரண்ட், அந்தச் சதம் உன்ர தலையில"
என்றான் கஜமுகன்.

நேற்று விடியப்புறம் நாலே கால்.
இரவு முழுக்கக் கனோலா லொறிகளுக்கு எடை பார்த்துவிட்டு வந்து
பூட்ஸ் கழற்றாமல் திரைக்குக் குனிந்தேன்.
பூச்சியம் இல்லை.
பதினாறு இடத்தில்
எழுத்தும் இலக்கமும் கலந்த ஒரு மீதி.

அதாவது, பகும்.
எதனால் என்று அது சொல்லாது.
இந்தச் சோதனையின் குணம் அப்படி:
விரிசல் உண்டென்று சத்தியம் செய்யும்,
இடத்தைக் காட்டாது.
எங்கேயோ இரண்டு எண்கள்,
இரண்டுக்கு மேலும் இருக்கலாம்,
ஒன்றையொன்று பெருக்கி
மிகச் சரியாக இதில் வந்து முடிகின்றன.
என் ஆயுளுக்குள் ஒருவரும் அவற்றைக் காணப்போவதில்லை.

போர்வைக்குள்ளிருந்து கஜமுகன்:
"என்ன, உடைஞ்சிட்டுதோ?"
"முதலே உடைஞ்சுதான் கிடந்தது.
இப்பதான் தெரியும்."

அதற்குள் அறை குளிர்ந்துவிட்டது.
அடுத்த அடுக்கைத் தட்டினேன்.
விசிறி ஒருதரம் இருமிவிட்டுச் சுற்றியது.
நாலு. பதினாலு. நூற்றுத் தொண்ணூற்றுநாலு.
அதற்குமேல் எனக்கு மனதில் நிற்காது.

பிறகு லாச்சியைக் கிளறி
அந்த ஒரு சதத்தைத் தேடினேன்.
பேனை மூடி, பழைய பஸ் ரிக்கற்,
ஐந்து சதக் குற்றிகள் இரண்டு.
ஒரு சதத்தை இந்த நாடு எப்போதோ நிறுத்திவிட்டது.
மீதி இருக்கிறது.
கொடுக்கத்தான் காசில்லை.