தளை தட்டும் இடம்

ஓத அட்டவணைகளுக்கு அடியில் கிடந்தது.
பென்சிலில் நான்கு பத்தி, எய்னரின் கையெழுத்து,
வயல் எல்லையில் நட்ட கற்கள் மாதிரி
சம இடைவெளியில்.

நில அளவைக்காரர் கவிதை எழுதினார் என்றால்
லெம்விக்கில் ஒருவரும் நம்பமாட்டார்கள்.
நாற்பத்தாறு வருஷம் ஒரே மேசையில்
ரொட்டி தின்ற நானும்தான்.

அழுகை வரவில்லை, பழக்கம் வந்தது.
பள்ளியில் டேனிஷ் பாடம் எடுத்த கை
தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடியது.
அழுத்தம், தளர்வு. அழுத்தம், தளர்வு.
அடிக்கு நான்கு சீர், பிசகே இல்லை.
பத்திதோறும் முடிவில் அதே வரி:
கதவைத் தாழிடவில்லை நான்.

அதற்கு முந்தைய அடியின் கடைசியில்
ஒரு பெயர் இருக்க வேண்டும்.
பெயர் இல்லை, ஒரு சிறு கோடு.

யாப்பு ஒரு கோள்சொல்லி.
கோட்டுக்கு முன் ஆறு அசை,
ஆகவே பெயர் ஈரசை,
முதலாவது ஓங்கி, அடுத்தது தாழ்ந்து.
மேலே 'விங்கர்' என்று ஓர் அடி முடிகிறது;
சிறகுகள்.
அதோடு இயைய வேண்டும், அதுவும்
தொண்டையில் சிக்காமல்.
('ஃபிங்கர்' என்றால் எங்கள் மொழியில்
குரல் ஒரு நொடி இடறும்.
எய்னரின் காது அதை அனுமதிக்காது.)

இங்கர்.

கிர்ஸ்டினே அங்கே நுழையமாட்டாள்.
மூன்று அசை, அழுத்தம் நடுவில்;
வாசற்படியிலேயே வழுக்கும் பெயர்.

எந்த இங்கர்?
கரை அளந்த கோடையில்
பிளாஸ்கில் காபி கொண்டுபோன தபாலாபீஸ் இங்கரா?
தொண்ணூற்றொன்றில் செத்துப்போனாள்.
அடக்கத்துக்குப் போக அவருக்கு
நான்தான் டை கட்டிவிட்டேன்.

கதவைத் தாழிடவில்லை நான்.
கதவைத் தாழிடவில்லை நான்.
முதல் தடவை அழைப்பாகக் கேட்டது.
மூன்றாம் தடவை, குளிர் உள்ளே வருகிறது
என்று மட்டும்.

நான்காம் பத்தியில் கோட்டுக்கு முன்
ஐந்தே அசை.
ஓரத்தில் எழுதினேன்: இங்கே தளை தட்டுகிறது.
எழுதியபோது, சொன்னால் என்ன,
கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பிறகு வாய்விட்டுப் படித்தேன்.
ஐந்தோடு மூன்று எட்டு.
மேலே அடியின் முடிவில், சிறகுகள் போய்,
'மஸ்கீனே'.
இயந்திரம்.
மஸ்கீனே, கிர்ஸ்டினே.
அசைக்கு அசை, மூச்சுக்கு மூச்சு,
ஊசி போகாத பொருத்தம்.

அவளுக்குச் சிறகு. எனக்கு இயந்திரம்.
நான் சிரித்த சத்தத்தில்
பக்கத்து வீட்டு ஹோல்கர்
சுவரைத் தட்டினார்.

சிவப்புக் குறிப்பை அடிக்கவில்லை, அது இருக்கட்டும்.
குளியலறையில் அவருடைய சட்டைகள்
செஞ்சிலுவைக் கடைக்குப் போகுமுன்
கடைசி முறையாகச் சுழன்றுகொண்டிருந்தன.
அழுத்தம், தளர்வு, அழுத்தம், தளர்வு;
ஒரு பொத்தான் மட்டும் கண்ணாடியில் மோதி
தாளத்துக்கு வெளியே
டிக் என்றது.