எட்டு ஐம்பத்திரண்டு

வாழைப்பழத்துக்கு நான்கு, வெள்ளரிக்குப் பதினேழு.
பேர் மறந்தாலும் எண் மறக்காது.
போன வாரம் பல் டாக்டர்
பிறந்த தேதியைக் கேட்டபோது
இஞ்சியின் எண்ணைச் சொன்னேன்.
அவர் எழுதிக்கொண்டார்.

பின்லாந்தின் மேல் விளிம்பில் எங்கள் ஊர்.
நவம்பரில் மூன்று மணிக்கே இருட்டிவிடும்.
கடைக்குள் மட்டும் எந்நேரமும் ஒரே பகல்.
கதவு தானாகத் திறக்கும்போதெல்லாம்
வெளியே நிற்கிற இருட்டு
கொஞ்சம் பனியோடு மிதியடி வரை வந்து
கார்டு இல்லாததால் திரும்பிப் போகிறது.

"கார்டு இருக்கா?"
ஒரு ஷிப்டுக்கு முந்நூறு முறை.
தூக்கத்திலும் கேட்டேனாம்.
"இல்லை, பையும் வேண்டாம்" என்று
புரண்டு படுத்தானாம் எர்க்கி.

ஒன்பது மணிக்கு இரண்டு காரியம் நடக்கும்.
பீர் அலமாரியைப் பூட்டுவோம். அது சட்டம்.
எட்டு ஐம்பத்தொன்பது வரை எல்லோரும் குடிமக்கள்,
அதற்குப் பிறகு வெறும் மக்கள்.
சிவப்புச் சீட்டு ஒட்டிய ரொட்டியும் மீனும்
பாதி விலைக்கும் கீழே இறங்கும்.
அது கம்பெனியின் கருணை.

எட்டரையிலிருந்தே ஆட்கள் சேர்வார்கள்.
காத்திருப்பதாக யாரும் காட்டிக்கொள்வதில்லை.
தயிர் டப்பாவின் பின்பக்கத்தை
உயில் படிப்பதுபோல் படிப்பார்கள்.
நர்சிங் மாணவிகள் இரண்டு பேர்,
நாயை வெளியே கட்டிவிட்டு வரும் லெம்பி,
அப்புறம் தௌனோ கெம்பைனன்.

காகித ஆலையில், மூன்றாம் இயந்திரத்தில்,
பதினோரு வருஷம் எனக்கு மேற்பார்வையாளர்.
நான் நான்கு நிமிடம் பிந்தி வந்ததைப்
பென்சிலால் குறித்து, அரை நாள் கூலி பிடித்தவர்.
ஆலை மூடிய அன்று
அந்தப் பென்சில் காதில் இருந்தபடியே
பஸ் ஏறிப் போனார்.

இப்போது காலி கேன்களோடு வருகிறார்.
மெஷின் வாங்கி, நசுக்கி,
இரண்டு யூரோ அறுபது என்று
ஒரு சீட்டைத் துப்புகிறது.
அடைத்துக்கொண்டால் நான்தான் பின்னால் போக வேண்டும்.
வட்டத் துளைக்கு இந்தப் பக்கம் என் முகம்,
அந்தப் பக்கம் அவர் முகம்.
"சரியாயிற்று" என்பேன்.
"நல்லது" என்பார்.
ஆலையிலும் இவ்வளவுதான் பேசினோம்.

இன்று ஓட்ஸ் அடுக்கும்போது
மூன்றாவது வரிசைக்குப் பின்னால்
ஒரு துண்டு சால்மன், சிவப்புச் சீட்டோடு.
குளிர்ப்பெட்டியில் இருந்த கடைசித் துண்டு.
யாரோ ஒன்பது மணிக்காக ஒளித்துவைத்தது.
யாரோ என்ன, யாரோ.

குளிரை விட்டு வெளியே வந்த மீன் குப்பைக்கு.
எப்போதிலிருந்து என்று தெரியாவிட்டால்
யோசிக்கவே கூடாது, குப்பைக்கு.
பயிற்சியின் முதல் நாளே
கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.
தொட்டுப் பார்த்தேன்.
சில்லென்றுதான் இருந்தது.

தயிர்ப் பக்கம் நின்று
பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுதவில்லை என்று சொல்ல எனக்கும் ஆசைதான்.
எழுதினேன்:
சால்மன், முந்நூறு கிராம், கழிவு,
எட்டு ஐம்பத்திரண்டு.
என் பேனா இவ்வளவு நன்றாக எழுதும் என்று
அதுவரை தெரியாது.

ஒன்பது அடித்தது.
ரொட்டியைச் சுற்றி முழங்கைகள்.
அவர் மட்டும் ஓட்ஸ் வரிசைக்குப் போனார்.
பாக்கெட்டுகளுக்குப் பின்னால் கைவிட்டு
இடமும் வலமும் தடவினார்,
இருட்டில் சுவிட்சைத் தேடுகிறவர்போல.
அப்புறம், கையை விட்டது அதற்காகத்தான் என்பதுபோல்
ஒரு ஓட்ஸ் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு
நேரே என் கவுன்டருக்கு வந்தார்.
பக்கத்துக் கவுன்டர் காலியாகத்தான் இருந்தது.

"கார்டு இருக்கா?"
மெஷின் துப்பிய சீட்டை நீட்டினார்.
ஓட்ஸ் ஒன்று நாற்பது.
மீதி ஒன்று இருபதை உள்ளங்கையில் வைத்தபோது
நாணயங்களைப் பார்த்தபடியே சொன்னார்:
"எட்டு நாற்பத்தெட்டுக்குத்தான் வைத்தேன்."

வெளியே லெம்பியின் நாய் குரைத்தது.
அடுத்து ஒரு மாணவி, நான்கு ரொட்டி.
பீப்.
பீப்.
மூன்றாவது சீட்டு சரியாக ஒட்டவில்லை.
எண்ணைக் கையால் அடித்தேன்.
தப்பாக அடித்தேன்.
மறுபடி அடித்தேன்.